கத்தரிக்காய்க்கு எதிரே எழுதியது

மணி ஒன்றடிக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. என் தங்கை கோமதி இந்நேரம் தெருமுனையைத் திரும்பியிருப்பாள். முக்காலியின் மேல் அவள் வைத்துவிட்டுப் போன கேரியர் இருக்கிறது. எவர்சில்வர், நான்கு அடுக்கு, மூடியின் மேல் அவள் கணவர் வேலாயுதத்தின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கிறது. வேலாயுதம் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பாத்திரத்தில் வெட்டிய பெயர் மட்டும் போகிறதில்லை. தேய்க்கத் தேய்க்கத் துலங்குகிறது. நான் அதற்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கை கழுவியாகிவிட்டது, தட்டும் எடுத்து வைத்தாகிவிட்டது, திறப்பதுதான் பாக்கி. திறப்பதற்கு என்ன, இரண்டு பக்கத்துக் கொக்கியையும் நெம்பினால் திறந்துகொள்ளும், எழுபத்துமூன்று வயதிலும் அந்த அளவு பலம் என் விரல்களில் இருக்கிறது. உள்ளே இருப்பது இன்னதென்று எனக்குத் தெரியும் என்பதுதான் தடை. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. வேறு எதைக் கொண்டுவருவாள்? சங்கரன்கோவில் வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, நாக்பூரில் மகனோடு இருந்துவிடுவதென்று புறப்பட்டவள், இன்று மாலை மதுரையில் ரயிலேற வேண்டியவள், வழியில் ராஜபாளையத்தில் இறங்கி, பதினோரு ஆண்டுகளாக மிதிக்காத அண்ணன் வீட்டுப் படியை மிதித்து ஒரு கேரியரை வைக்கிறாள் என்றால், விட்ட இடத்திலிருந்து தொடங்கத்தான் வந்திருக்கிறாள். விட்ட இடம் அந்தக் குழம்பு. உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். வெயிலைப் பற்றிப் பேசினோம். மகனோடு வேலை பார்க்கும் ஒருவரின் குடும்பம் ரயிலில் துணை வருகிறது என்றாள். கடைத்தெருவில் கண்ணாடிக்குக் கொடுத்து வைத்திருப்பதாகவும், அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து இரண்டேகால் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு எழுந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “சாப்பிட்டாலும் சரி, கொட்டினாலும் சரிண்ணே. என் கண்ணு முன்னால வேண்டாம்னு மட்டும் சொல்லிராதே. அதுக்குத்தான் இப்பவே எந்திரிக்கிறேன்.”

தொண்டை அரிக்கிறது. இன்னும் மூடியைத் திறக்கவில்லை, ஆவி கூட வெளியே வரவில்லை, அதற்குள் தொண்டை அரிக்கிறது. அண்ணத்தின் பின்பக்கம், நாக்கின் வேர் இருக்கும் இடத்தில், கோரைப்புல் நுனியால் தடவியதுபோல. இந்த அரிப்பை நான் நன்கு அறிவேன். இதைப்பற்றி நான் எழுதியிருக்கிறேன். அலமாரியின் இரண்டாம் தட்டில் நான்கு நோட்டுகள் இருக்கின்றன. நாள், வேளை, உண்டது, விளைவு என்று கோடு கிழித்து, பதினோரு ஆண்டுகள் ஒரு வேளை தவறாமல் எழுதியவை. மொச்சைப் பயறு: மூன்று மணி நேரத்தில் வாய்வு, இடப்பக்க விலாவில் குத்து, மாரடைப்பென்று மயங்கவேண்டாம். பரங்கிக்காய்: மறுநாள் தும்மல். தேங்காய் மிகுந்த எதுவும்: நெஞ்சு கரிப்பு. பலாச்சுளை மூன்று: அன்று மகிழ்ச்சி, மறுநாள் வருத்தம். ரவை உப்புமா: குற்றமொன்றும் இல்லை, காரணமின்றி மனச்சோர்வு. பஞ்சாலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் எடைமேடையில் இருந்தவன் நான். ஏற்றி வந்த லாரிக்கு ஓர் எடை, இறக்கிய லாரிக்கு ஓர் எடை, இடையில் உள்ளதுதான் சரக்கு. உடம்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது, உண்பதற்கு முன் ஒரு நிலை, உண்டபின் ஒரு நிலை, இடையில் உள்ளதுதான் உணவு. என்னோடு வேலை பார்த்த ஆலைக்காரர்கள் சிரித்தார்கள். அண்ணாச்சி லாரி நிறுத்தது போதாதென்று இட்லியையும் நிறுக்க ஆரம்பித்துவிட்டார் என்று தேநீர்க்கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கே வந்தது. சிரித்தவர்களில் பலர் பின்னால் வந்து கேட்டார்கள், வயிற்றுப்புண்ணுக்கு எதை விடலாம், மூட்டுவலிக்கு எதை விடலாம் என்று. என் உடம்புக்கு எழுதியது என் உடம்புக்குத்தான் என்று சொல்லி அனுப்பினேன், ஆயினும் உள்ளே ஒரு பெருமை. மருத்துவரே ஒருமுறை இரண்டாம் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, படித்தவர்கள் கூட இப்படிச் செய்வதில்லை என்றார். அன்று வீட்டுக்கு வந்து நோட்டுகளுக்கு அட்டை போட்டேன். முதல் நோட்டுக்கு மட்டும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அன்று என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் நோட்டின் முதல் பக்கத்தின் முதல் வரி: கத்தரிக்காய். விளைவு: தொண்டை அரிப்பு, சிறிது வீக்கம், மூச்சு முட்டல். சிறிது வீக்கம் என்பதை எழுதும்போது சற்று யோசித்ததாக நினைவு. மூச்சு முட்டல் என்பதை யோசிக்காமல் எழுதினேன்.

அந்தக் குழம்பை அவள் எப்படி வைப்பாள் என்பதை நினைக்கக் கூடாது என்று உட்கார்ந்திருக்கிறேன். நினைக்கக் கூடாது என்பதற்குள் நல்லெண்ணெய் காய்ந்துவிடுகிறது. காம்பை நறுக்கமாட்டாள். காம்பைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து நாலாகப் பிளப்பாள், பிளந்தது பிரியாது, உள்ளங்கையில் மொட்டுப்போல நிற்கும். எண்ணெயில் தோல் சுருங்கும் வரை வதக்கி, புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு அவசரப்படாமல் நிற்பாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா இறந்தாள்; எனக்குப் பத்தொன்பது, ஆலையில் சேர்ந்த புதிது. ஆறு மாதம் அவள் கருக்கியதையும் வேகாததையும் இருவரும் பேசாமல் தின்றோம். பிறகு ஒருநாள் இந்தக் குழம்பு. முதல் கவளத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன், அவள் கரண்டியோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாயிருக்கிறது என்று நான் சொன்னேனா? சொன்னதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்க்கையில் சொல்லவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஊற்று என்றுதான் சொன்னேன். நான் மணம் செய்துகொள்ளவில்லை. அவள் மணமாகிப் போனபின் மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலுக்குப் பேருந்து ஏறுவேன், அவள் வீட்டில் கை நனைப்பேன், மாலையில் திரும்பி வருவேன். அந்தக் குழம்புக்காகத்தான் ஏறுகிறேன் என்று வேலாயுதம் கேலி செய்வார். மைத்துனரைக் கேலி செய்யாவிட்டால் வேறு யாரைக் கேலி செய்வது, அது அவர் உரிமை. நானும் அவருடைய வழுக்கையைப் பற்றி ஏதாவது சொல்லுவேன். முப்பது ஆண்டுகள் அப்படிப் போயிற்று. அப்படியென்றால் அந்த ஒரு நாள் மட்டும் ஏன், அந்த ஒரு சொல் மட்டும் ஏன்?

அவள் மகன் பாலவேலின் திருமணம் முடிந்த மறுநாள் மதியம். சம்பந்தி வீட்டார் பதினைந்து பேர், கூடத்தில் பந்தி, தாய்மாமன் என்று எனக்கு முதல் இலை. கோமதி குழம்பைக் கொண்டுவந்தாள். ஊற்றினாள். காலியானது. மறுபடி ஊற்றினாள். பரிமாறிக்கொண்டே வந்த வேலாயுதம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார், நல்லா ஊத்து, மச்சான் வீட்டுல அடுப்பு ஏது, இங்க வந்தாத்தான் வயித்துக்கு ஞாயித்துக்கிழமை என்று. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல; நல்ல குடும்பம்; ஒரு வேடிக்கைக்கு யாரும் சிரிக்கிற சிரிப்பு. அதே வேடிக்கையை அவர் முன்பு எத்தனை முறை சொல்லியிருக்கிறார், நானே அதற்கு எத்தனை முறை சிரித்திருக்கிறேன். ஆனால் அறியாதவர் பதினைந்து பேர் நடுவில் என் கை இலையின் மேல் நின்றுவிட்டது. என் விரல்களைப் பார்த்தேன். குழம்பு நகக்கண் வரை ஏறியிருந்தது. ஆசையாகத் தின்கிறவனுடைய விரல்கள். எனக்கு அடுப்பு இல்லையென்பது பொய். மனையாள் இல்லையென்பதுதான் உண்மை, அதைத்தான் அவர்கள் கேட்டதாக எனக்குத் தோன்றியது. கோமதி குனிந்து, என்னண்ணே என்றாள். உண்மையைச் சொல்ல இடமில்லை. கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டை அரிக்கிறது என்றேன். சொன்னதும் எழுந்துவிட்டேன். ஊர்வழக்கில் ஒரு வீட்டில் கை நனைத்தால் அவர்களோடு வருத்தமில்லை என்று பொருள். பாதியில் இலையை விட்டு எழுந்தால் அதற்குமேல் வாயால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவள் சீரகத் தண்ணீரோடு ஓடிவந்தாள், தொண்டையைக் காட்டு, காட்டு என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை பேருந்து நிலையக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பொய் சொன்னவனுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. ஒரே ஒரு வரி எழுதிய நோட்டு சாட்சியாகாது என்பதால் மறுநாள் இட்லியைப் பற்றி எழுதினேன், அதற்கு மறுநாள் மொச்சையைப் பற்றி எழுதினேன். அவையெல்லாம் உண்மை. முதல் வரிக்குக் கீழே உள்ள ஆயிரக்கணக்கான வரிகளும் உண்மை. பொய்யை நட்டு அதற்கு உண்மையால் வேலி கட்டிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து வேலாயுதம் இதே வீட்டுக்கு வந்தார். இதே நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான், உடம்புக்கு என்ன செய்யுது, திருநெல்வேலியில் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், நானே கூட்டிப்போகிறேன் என்றார். அவர் தம்முடைய வேடிக்கையை மறந்தே போயிருந்தார். அதுதான் எனக்கு மேலும் சுட்டது. நான் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு மெல்லப் படித்தார். மூச்சு முட்டல் என்ற இடத்தில் விரல் நின்றது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. இதையெல்லாம் கோமதியிடம் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் சொன்னார். அதன்பின் அவர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனேன், வாசலோடு திரும்பினேன், தண்ணீர் மட்டும் குடித்தேன். யார் எதை நீட்டினாலும் அது எனக்கு என்ன செய்யும் என்பதைச் சொன்னேன். பிறகு போவதும் நின்றது. அவர் இறந்த அன்று கோமதிக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைக் கொண்டுபோய்ப் போட்டேன். பதினாறாம் நாள் சோற்றுக்கு நிற்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அன்று வயிறு உண்மையிலேயே சரியில்லை, ஆனால் யார் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

ஒன்றடித்துவிட்டது. தின்பேன். தின்று, தொண்டை அரித்தால் அரிக்கட்டும். அவள் திரும்பி வரும்போது அந்த அடுக்கு காலியாக இருக்கும். அதற்குமேல் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மெய்யாகவே அரித்தால்? பதினோரு ஆண்டுகள் ஒரு வரியை நம்பியே இருந்த தொண்டை, அதற்கு இப்போது உண்மை பொய் தெரியுமா? அவள் வரும் நேரத்தில் முகம் சிவந்து மூச்சு முட்டி நான் உட்கார்ந்திருந்தால், நான் அன்று பொய் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அப்படி ஆனால் நல்லது என்று உள்ளே ஒருவன் சொல்கிறான். அவனை எனக்குத் தெரியும். அவன்தான் அந்த வரியை எழுதியவன். கொக்கிகளை நெம்பினேன்.

மேலடுக்கில் புடலங்காய்ப் பொரியல், தேங்காய்த் துருவல் ஒரு துளி கூட இல்லை. இரண்டாவதில் பாசிப்பருப்பும் பீர்க்கங்காயும் சேர்த்த கூட்டு. மூன்றாவதில் மிளகு ரசம். அடியில் குழைந்த சோறு. அதன் ஓரத்தில் சிறிய மூடிபோட்ட கிண்ணத்தில் இஞ்சி தட்டிப்போட்ட நீர்மோர். கத்தரிக்காய் இல்லை. சோற்றைக் கிளறிக்கூடப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல். ஒவ்வொன்றும் என் நோட்டிலிருந்து வந்தது. புடலங்காய்: நன்று. பீர்க்கு: மிக நன்று. மிளகு ரசம்: எவ்வேளையிலும் தீங்கில்லை. வேலாயுதம் ஒருமுறை போய்ச் சொன்னதையும், நான் ஒவ்வொரு வாசலிலும் மறுத்துச் சொன்னதையும் அவள் ஒன்றுகூட விடாமல் வைத்திருந்திருக்கிறாள். எழுதப் படிக்க அவளுக்கு வராது. என் நான்கு நோட்டும் அவளுக்கு மனப்பாடம். உண்டேன். ஒரு குற்றமும் சொல்ல முடியாத உணவு. உப்பு அளவாக, சூடு ஆறாமல், உடம்பில் போய் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும் உணவு. உண்ண உண்ண எனக்குள் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. அவள் என்னை நம்பிவிட்டாள். வருத்தத்தால் எழுந்தான் அண்ணன் என்று ஒருநாளாவது சந்தேகப்பட்டிருந்தால் இந்தக் கேரியரில் அந்தக் குழம்பு வந்திருக்கும். ஓர் அடுக்கையும் மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றேன், அரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, நாக்கு மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

கேரியரைத் துலக்கினேன். பிறர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு பழமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சர்க்கரை டப்பாவைத் திறந்தேன், மூடினேன். அரிசிப் பானையில் கை விட்டேன், எடுத்தேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு முனைக் காய்கறிக்கடைக்குப் போனேன். கடைக்காரி சுடலைவடிவு பீர்க்கங்காயை எடுத்து முன்னால் வைத்தாள். அதில்லை என்று காட்டினேன். அவள் என் கையையும் காட்டிய கூடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி வீட்டுக்கு விருந்தாளா, இல்லை அண்ணாச்சிக்கே ஏதும் ஆகிப்போச்சா என்று கேட்டாள். ஆறு எடுத்தேன். பச்சையில் வரியோடிய நாட்டுக்காய். கையில் எடுத்தபோது அதன் குளிர்ச்சியை உள்ளங்கை அடையாளம் கண்டுகொண்டது, காம்பு முள் விரலில் ஏறியது. அடியடுக்கில் வைத்து மூடினேன்.

புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கோமதி வந்தாள். கண்ணாடி அவள் முகத்துக்குப் பெரிது. கேரியரைத் தூக்கியவள் கனத்தைப் பார்த்து நின்றாள். தின்னவில்லை என்று நினைத்துவிட்டாள். அவள் உதடு அழுந்தியதை நான் பார்த்தேன். அப்படியே கொண்டுபோய்விடத்தான் திரும்பினாள். திறந்து பார் என்றேன். திறந்தாள். ஒவ்வொரு அடுக்காக எடுத்துக் கீழே வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள்.

“இது உனக்கு ஆகாதேண்ணே.”

“அன்னைக்கும் அது என்னை ஒண்ணும் செய்யலை, கோமதி.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பூச்சி குத்தியிருக்கிறதா என்று பார்ப்பவளைப்போல. வெளியே யாரோ மிதிவண்டியை நிறுத்தினார்கள், எடுத்தார்கள், போனார்கள். நான் வேலாயுதத்தின் வேடிக்கையைச் சொன்னேன், சம்பந்தி வீட்டார் சிரித்ததைச் சொன்னேன், நோட்டு வாங்கியதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது எவ்வளவு சிறியது என்று எனக்கே கேட்டது. அவள் நிமிரவில்லை. பிறகு, கோபமில்லாமல், கடையில் நடந்ததைச் சொல்பவள்போலச் சொன்னாள்:

“அவர் வந்து சொன்ன நாள்லேருந்து எங்க வீட்டுல கத்தரிக்காய் வாங்கலைண்ணே. உனக்கு மூச்சு முட்டுனதை நான் எப்படி வைக்கிறது. அவருக்கு அதுன்னா உசுரு. கடைசியில ஆஸ்பத்திரியிலயும் கேட்டாரு. எங்க அண்ணனுக்கு ஆகாததுன்னு சொல்லிட்டேன். சரின்னு திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

சரி என்று அவர் சொன்னது கேட்டது. எதைத் தொடுவதென்று தெரியாமல் கேரியர் மூடியைத் தொட்டேன்; புள்ளி புள்ளியாக அவர் பெயர். கோமதி ஆறு காய்களையும் மடியில் கொட்டி, மூன்றைத் திரும்ப அடுக்கில் வைத்தாள், மூன்றை முக்காலியில் வைத்தாள். வைத்த மூன்றில் ஒன்று முத்தல் என்று எடுத்து, தன்னிடமிருந்ததை மாற்றி வைத்தாள்.

“நாளைக் கழிச்சு வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அங்க போய் அடுப்பு மூட்டுனதும் இதைத்தான் வைப்பேன். நீயும் அன்னைக்கே வை. அவருக்கு இலை போட்டுப் படைச்சிட்டு, அப்புறம் சாப்பிடு. புளியை முன்னாடியே ஊத்திராதே, தோல் சுருங்கட்டும்.”

பேருந்து நிலையம்வரை வருகிறேன் என்றேன். வெயிலாயிருக்கிறது, உனக்கு ஆகாது என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல் ஒரு கணம் நின்று, வா என்றாள். தெருமுனைவரை கேரியரை நான் தூக்கி வந்தேன். அதற்குமேல் அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மூன்று காய்களையும் ஈரத்துணியில் சுற்றிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைவரை வாடக்கூடாது. ரயிலில் அவளுடைய மூன்றும் வாடக்கூடாது. முதல் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன், முதல் வரியை அடித்துவிடலாமென்று. கை வரவில்லை, அதன்மேல் விரல் வைத்துப் படித்தவர் ஒருவர் இருந்தார். மூடிவிட்டேன். வாழையிலை வாங்க வேண்டும். இந்த வீட்டில் இன்னொருவருக்கு இலை போட்டுப் பழக்கமில்லை. எந்தப் பக்கம் போடுவது, அவர் அன்று உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிரேயா? முதலில் அவர் உண்ணட்டும். துணியைத் தொட்டுப் பார்க்கிறேன், காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளிக்கிறேன். தொண்டை அரிக்கவில்லை. இப்போதுதான் வயிறார உண்டேன். பசிக்கிறது.